ஓடுதளத்தில் போட்ட கோலம்

என் அக்காவும் நானும் பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் அவளுக்குத்தான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நான்தான் முண்டியடித்து ஏறுவேன், கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்பேன், ஜன்னலோரமாக உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் நிதானமாக ஏறி வந்து எதிரே நிற்பாள். நான் எழுந்து இடம் விடுவேன். விட மறந்தால்தான் அந்த வாக்கியம் வரும்.

"ஒன்னாலதான நான் பிளேன்ல ஏறாமப் போனேன்."

நாற்பத்தைந்து வருஷம் இதைக் கேட்டேன். கடலை மிட்டாயை உடைத்தால் பெரிய துண்டு அவளுக்கு. கல்யாண வீட்டில் ஒரே ஒரு ஃபேன் ஓடினால் அதற்குக் கீழே அவள். அம்மா இறந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே இருந்தது ஒரே ஒரு பட்டுச்சேலை, மாம்பழ நிறம், அரக்குக் கரை. எனக்கு அதன்மேல் உயிர். அக்கா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் நிற்க, அந்த வாக்கியத்தைத்தான் சொன்னாள். நான் பெட்டியை மூடினேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது புதியம்புத்தூரில் என்னோடு தையல் மெஷினில் உட்காருகிற அத்தனை பேருக்கும் தெரியும். துணி வெட்டுகிறவரே என்னிடம் யோசித்துத்தான் பேசுவார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் மட்டும் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவேன்.

நடந்தது இதுதான். எங்கள் அப்பாவுக்குச் செம்மறி மந்தை இருந்தது. கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில், ஒரு பணக்காரக் குடும்பம் சின்னதாக ஒரு விமான ஓடுதளம் போட்டு வைத்திருந்தது. அவர்களுடைய குட்டி விமானம் மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வந்து இறங்கும். மற்ற நாளெல்லாம் அது எங்களுக்கு. மழை பெய்தால் கரிசலில் கால் வைக்க முடியாது, செருப்போடு சேர்ந்து காடே கூட வரும். அந்தத் தார்ப்பாதை ஒன்றுதான் ஆட்டுக்கும் ஆளுக்கும் நிற்க இடம். மாசி, பங்குனியில் சுற்று வட்டாரமே அதில் மிளகாய் வத்தல் காயப்போடும். விமானம் வருகிறதென்று காவல்காரர் விசில் ஊதினால் வத்தலை அள்ள வேண்டும், ஆட்டை ஓரமாகப் பத்திவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. அந்த இடத்துக்கு எங்கள் பக்கம் 'பிளேன் காடு' என்று பெயர்.

அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஆறு. ஒரு நாள் நாங்கள் ஆட்டை விரட்டி முடித்த பிறகு விமானம் இறங்கியது. ஓட்டி வந்தவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். புழுதியில் மூச்சிரைக்க நின்ற எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்பாவிடம், "பிள்ளையை ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். அப்பா எதற்கும் சட்டென்று சரி சொல்கிற ஆள் இல்லை. அன்றைக்கு என்ன தோன்றியதோ, "மூத்தவளக் கூட்டிட்டுப் போங்கய்யா" என்றார்.

அக்கா பச்சைப் பாவாடை கட்டியிருந்தாள். தலையைக் கையாலேயே கோதிக்கொண்டு விமானத்தைப் பார்த்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடிப்போய் இரண்டு கையாலும் அந்தப் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுது ஊரைக் கூட்டினேன். மேலே போகிறவர்கள் திரும்பி வர மாட்டார்கள் என்று அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான், ஒரு சாவு வீட்டில் யாரோ எனக்குச் சொல்லியிருந்தார்கள். அப்பா அதட்டினார். நான் விடவில்லை. அக்கா அசையாமல் நின்றாள். வெள்ளைச் சட்டைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "சரி, அடுத்த தடவை பாப்போம்" என்று ஏறிப் போய்விட்டார். புழுதி அடங்கியதும் அக்கா திரும்பி என் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

அந்த அடுத்த தடவை வரவே இல்லை. அக்கா தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனாள், கோவில்பட்டியிலேயே வாழ்க்கைப்பட்டாள். நான் புதியம்புத்தூருக்குப் போய், இந்த முப்பது வருஷத்தில் எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்கோ கவுன் தைத்துவிட்டேன். விமானம் வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. ஓடுதளத்தின் ஓரமெல்லாம் வேலிக்கருவை முள் ஏறிவிட்டது. வத்தல் மட்டும் வருஷம் தவறாமல் அங்கே காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை கடைசியில், நான் மெஷினில் இருக்கும்போது அக்காவிடமிருந்து போன்.

"ஏட்டி, நம்ம பிளேன் காட்டுல திருவிழா வருதாம்."

"பிளேன் காட்டுல ஏது கோயிலு?"

"கோயில் திருவிழா இல்லட்டி. பிளேன் திருவிழா."

சொந்தமாகக் குட்டி விமானம் வைத்துப் பறக்கிறவர்கள் கொஞ்சம் பேர் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து இறங்கப் போகிறார்களாம். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். காலேஜ் பிள்ளைகள் செய்த டிரோன் பறக்கும், ரிமோட்டில் ஓடும் பொம்மை விமானம் பறக்கும். அதைவிடப் பெரிய செய்தியை அவள் கடைசியில்தான் சொன்னாள். வரப்போவது மூன்று விமானம். ஒவ்வொன்றிலும் உள்ளூர் ஆள் ஒருவரை ஏற்றி ஒரு சுற்று காட்டுவார்கள். பேர் கொடுத்தவர்களைப் பஞ்சாயத்து ஆபீஸில் குலுக்கல் போட்டிருக்கிறார்கள். ஒரு குடம் நிறையச் சீட்டு. முதல் விமானத்துக்கு எடுத்த சீட்டில் என் அக்கா பெயர்.

எனக்கு மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கத் தோன்றியது. நின்றேன். பக்கத்து மெஷின்காரி என்ன ஏது என்று பதறிப் போனாள்.

"நீயும் வா," என்றாள் அக்கா. "ஆனா தள்ளி நிக்கணும். கை ரெண்டையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கணும். சொல்லிட்டேன்."

அம்மாவின் மாம்பழப் பட்டுக்கு ஏற்ற அரக்கு நிறத்தில் ரவிக்கை தைத்து எடுத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் போனேன். அக்கா வீட்டுத் தெருவில் கைக்குழந்தைக்குக்கூட விஷயம் தெரிந்திருந்தது. காய்கறிக்காரர் அவளை "ஏர் ஓஸ்டஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. விமானப் படி எவ்வளவு உயரம் இருக்குமென்று தெரியாததால் கட்டிலில் ஏறி இறங்கி ஒரு வாரமாகப் பழகி வைத்திருந்தாள். "ஆயிரம் சொல்லு, இந்தத் தடவை ஏறிருவேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் ஏறிவிட வேண்டும் என்று அவளைவிட நான் அதிகமாக ஆசைப்பட்டேன். அவள் ஏறி இறங்கிவிட்டால் அந்த வாக்கியத்துக்கு ஒரு முடிவு வந்துவிடும். மிச்ச காலத்தை நான் நிம்மதியாகத் தள்ளிவிடலாம்.

ஏற்பாட்டுக்காரர்கள் சார்பில் ஒரு தம்பி வந்திருந்தார். ஒல்லியான ஆள், கழுத்தில் வாக்கி டாக்கி. ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு, "காலைல எட்டு மணிக்கு விமானம் வந்திரும். ஓடுதளத்துல ஒரு கல்லு கிடக்கக் கூடாது, ஒரு வத்தல் கிடக்கக் கூடாது. சுத்தமா இருக்கணும். வரவேற்பும் உங்க பொறுப்புதான்" என்று சொல்லியிருந்தார். அவர் வரவேற்பு என்று நினைத்தது, ஓடுதளத்தின் அந்தக் கடைசியில் போட்டிருந்த பந்தலுக்கு முன்னால் சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் வைத்து நிற்பதை. அதை அவர் விளக்கிச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வரவேற்கத் தெரியாதவர்களா நாங்கள்?

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வரும்போதே பதினைந்து பெண்கள் விளக்குமாற்றோடு இறங்கிவிட்டோம். அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பெரிய மனுஷி அன்றைக்கு. ஓடுதளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பெருக்கி, கல் பொறுக்கி, இந்த முனையில் மட்டும் புழுதி அடங்கத் தண்ணீரும் தெளித்தோம். பெருக்கித் தண்ணீர் தெளித்த இடத்தைச் சும்மா விட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. விருந்தாளி கால் வைக்கிற இடம் வெறிச்சென்று கிடந்தால் அது என்ன வீடு? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சின்ன வயதிலிருந்து கோலம் என்றால் எங்கள் பக்கம் என் கைதான்.

கூட்டம் நிற்கக் கோடு போடுவதற்காகச் சுண்ணாம்புத் தூள் மூட்டை இரண்டு கிடந்தது. ஒன்றை அவிழ்த்தேன். வாசலில் போடுகிற மாதிரி இழை இழையாகப் போட்டால் வானத்திலிருந்து வருகிறவர்களுக்கு என்ன தெரியும்? அதனால் மூலைக்கு மூலை, ஓடுதளத்தின் அகலம் முழுக்க, ஒன்றையொன்று வெட்டிக்கொள்கிற மாதிரி இரண்டு பட்டை இழுத்தேன். ஒவ்வொரு பட்டையும் ஒரு கை நீளத்துக்கு அகலம். ஈரத்தில் சுண்ணாம்பு பளீரென்று பிடித்தது. நடுவில் கிடைத்த நான்கு இடைவெளியிலும் நான்கு தாமரை. குனிந்து போட்டதில் இடுப்பு கழன்றுவிட்டது. ஆனால் மனதுக்குள் ஒரே சந்தோஷம். அன்றைக்கு அவளைத் தடுத்த அதே இடத்தில், இன்றைக்கு அவளுடைய விமானத்துக்கு நானே வாசல் போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் அழுகைகூட வந்தது.

ஏழரைக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆட்டோவில், டவுன் பஸ்ஸில், டிராக்டரில் வந்து இறங்கினார்கள். ஒருவர் சேவு விற்றார், ஒருவர் சுக்குக் காபி விற்றார். ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் தார்ப்பாய் விரித்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டது. அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள், மாம்பழப் பட்டு, அரக்கு ரவிக்கை, தலையில் கனகாம்பரம். அவளைக் கூட்டிக்கொண்டு போய் என் கோலத்தைக் காட்டினேன். சுற்றி வந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து அதுவே பெரிய பட்டம்.

எட்டு மணிக்கு வடக்கே மூன்று புள்ளிகள் தெரிந்தன. சத்தம் வந்தது, பிறகு விமானங்கள் வந்தன. வெள்ளையாக, நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தன. முதல் விமானம் இறக்கையைச் சாய்த்துத் திரும்பி, எங்களை நோக்கித் தாழ்ந்து வந்தது. கூட்டம் கத்தியது. கோலத்துக்குக் கிட்டே வந்ததும் அது இறங்காமல் வெடுக்கென்று மேலே ஏறிப் போய்விட்டது. கூட்டத்துக்கு அது வித்தை மாதிரி இருந்தது, கை தட்டினார்கள். இரண்டாவது விமானமும் அதே மாதிரி வந்து அதே மாதிரி ஏறியது.

நான் அக்காவின் தோளை இடித்தேன். "கோலத்தப் பாக்கதுக்குத்தான்க்கா இவ்வளவு கீழ வாராவ."

"ரொம்பத்தான் பீத்திக்காத" என்றாள்.

அப்போது அந்தக் கடைசியிலிருந்து அந்தத் தம்பி பைக்கில் பறந்து வந்தார். வாக்கி டாக்கியில் யாரோ இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தார்கள். பைக்கைப் போட்டுவிட்டு, "இத யாரு போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான் தம்பி" என்று முன்னால் போய் நின்றேன். பாராட்டப் போகிறார் என்றே நினைத்தேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, நடுவுல என்ன போட்டிருக்கீங்க பாருங்க. பெருக்கல் குறி! ஓடுதளத்துல வெள்ளையா பெருக்கல் குறி போட்டா, இது மூடிக் கிடக்கு, இறங்காதேன்னு அர்த்தம். உலகம் பூரா அதுதான் அர்த்தம்."

என் காதுக்குள் விசில் அடித்தது. தம்பி மேலும் சொன்னார். வாக்கி டாக்கியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டாராம். குறி அழியாமல் இறங்குவது முறையில்லை என்று மறுத்துவிட்டார்களாம். பெட்ரோல் பத்தாது என்று இரண்டு விமானம் திரும்பிப் போகின்றன. முதல் விமானம் மட்டும் அரை மணி நேரம் சுற்றிக்கொண்டிருக்கும், அதற்குள் அழித்தால் உண்டு. வெயில் ஏறிக் காற்று எழும்பிவிட்டால் ஆளை ஏற்றவும் மாட்டார்கள். அவர் சொல்லி முடிக்கும்போதே இரண்டு புள்ளிகள் வடக்கே சிறுத்துப்போனதைப் பார்த்தேன்.

திரும்பி அக்காவைப் பார்த்தேன். பத்தடி தள்ளி, அம்மாவின் சேலையில், வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டாவது தடவையும் நானேதான் என்பது சொல்லாமலே ஊருக்கு முன்னால் பட்டை பட்டையாக எழுதிக் கிடந்தது.

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். தேய்த்தேன். ஈரத்தில் பிடித்த சுண்ணாம்பு அசையவில்லை. யாரோ ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார்கள். அது பால் மாதிரி பரவி, குறி இன்னும் பெரிதாகிவிட்டது. மேலே விமானம் வட்டமடித்துக்கொண்டே இருந்தது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏட்டி, எந்திரி!" அக்காவின் குரல். "ஏ பிள்ளைகளா, கரிசல அள்ளிட்டு வாங்க! மெழுகிருவோம்!"

பார்க்கிறேன், பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பக்கத்துப் புஞ்சையில் இறங்கிவிட்டாள். வத்தல் அள்ளுகிற கூடையில் மண் வந்தது, குடத்தில் தண்ணீர் வந்தது. குழைத்தோம். வீட்டுத் தரை மெழுகுகிற மாதிரி, பதினைந்து பேரும் மண்டி போட்டு, விமான ஓடுதளத்தைக் கரிசல் சேற்றால் மெழுகினோம். அக்கா முழங்கால் வலியை எங்கே கழற்றி வைத்தாளோ தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, தாமரை தாமரையாக அழித்துக்கொண்டு வந்தாள். அந்தத் தம்பியும் சேற்றில் உட்கார்ந்து, "கட்டி இருக்கக் கூடாது, கல்லு இருக்கக் கூடாது" என்று பொறுக்கிக்கொண்டே வந்தார். கூட்டம் தன் வீட்டு வேலை போலச் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. "அங்கன வெள்ள தெரியுது பாருங்க, அங்கன, அங்கன!"

வெள்ளை மறைந்து எல்லாம் ஒரே கறுப்பானதும் தம்பி எழுந்து வாக்கி டாக்கியில் பேசினார். மெழுகின இடத்தைத் தாண்டி இறங்கச் சொன்னார். விமானம் இன்னொரு வட்டம் போட்டது. தாழ்ந்தது. எங்கள் தலைக்கு மேலே நிழல் ஓடி, அந்தப் பக்கம் சக்கரம் தரையைத் தொட்டுப் புழுதி கிளம்பியது. நான் கத்திய கத்தில் தொண்டை கட்டிவிட்டது.

ஓட்டி வந்தது ஒரு பெண். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். எங்கள் கையையும் சேலையையும் பார்த்துவிட்டு, "கோலம் போட்டவங்க யாரு?" என்று கேட்டார். நான் அக்காவுக்குப் பின்னால் ஒளிந்தேன். "மேல இருந்து ரொம்ப அழகா இருந்துச்சு. இறங்கி மிதிக்கவே மனசு வரல" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. இன்னும் அக்கா ஏறவில்லை.

கையை அலம்பிக்கொள்ள ஒரு குடம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அக்கா அதைத் தொடவில்லை, முழங்கை வரைக்கும் சேறு அப்படியே இருந்தது. அக்கா விமானத்தை நோக்கி நடந்தாள். நான் கூடவே போய், அவள் சொன்னபடி கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். படி ஒன்றும் பெரிய உயரம் இல்லை. கட்டிலைவிடத் தாழ்வுதான். அவள் ஒரு காலைத் தூக்கி வைத்தாள். பிடிமானத்துக்குப் போல என் முந்தானையைப் பிடித்தாள்.

விடவில்லை.

உள்ளே விமானம் ஓட்டுகிற அம்மா காத்துக்கொண்டிருந்தார். தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. "ஏட்டி" என்றாள். என் முந்தானை அவள் விரலுக்குள் சுருண்டு இறுகியது. ஊரே பார்த்துக்கொண்டு நின்றது.

நான் கையைப் பின்னாலிருந்து எடுத்தேன். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயது விரல், வருஷக்கணக்காகத் தீப்பெட்டி ஒட்டிய விரல். அதைப் பிரிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "போயிட்டு வாக்கா. நான் இங்கனயேதான் நிக்கேன்" என்றேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவை மூடினார்கள். கதவின் வெள்ளையில் அவள் கையின் கரிசல் அச்சு இருந்தது.

விமானம் ஓடி, எழும்பி, மேற்கே போய்ச் சிறுத்தது. நான் மெழுகிய இடத்துக்கு வந்து நின்றுகொண்டேன். அழுதேன், மறைக்கவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. ஐம்பத்தெட்டு வயதுக் கையையே நான் ஒரு நிமிஷத்தில் பிரித்துவிட்டேனே. ஆறு வயதுக் கை அன்றைக்கு எவ்வளவு வலுவாக இருந்திருக்கும்?

இறங்கி வந்தவள் ஒரு சொம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தாள். எல்லோரும் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். "கரிசல் பூரா கட்டம் கட்டமா, இவ வெட்டிப் போட்ட துணி கணக்கா கிடக்கு" என்றாள். "ஆடெல்லாம் அரிசி சிந்துன மாதிரி தெரியுது." பிறகு என் பக்கம் திரும்பி, "மெழுகுனது காஞ்சதும் ஒன் கோலம் லேசாத் தெரியுது. தெக்குத் தாமரையில ஒரு இதழ் போடாம விட்டுட்ட" என்றாள். மற்ற இரண்டு சீட்டுக்காரர்கள், ஒரு தபால்காரரும் ஒரு தண்ணீர்த் தொட்டி ஆப்பரேட்டரும், என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம். இன்றைக்கும் தபால்காரர் எதிரே வந்தால் நான் தெரு மாறிப் போகிறேன்.

டிரோனும் பொம்மை விமானமும் பார்த்துவிட்டு மதியம் பஸ் ஏறினோம். பழக்கம் போகுமா? முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் பிடித்தேன். அக்கா வந்து எதிரே நின்றாள். நான் எழுந்தேன்.

"உக்காரு" என்று சொல்லி, அவள் எனக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரம் போன பிறகு, முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னைக்கு நீ பிடிச்சதால நான் நிக்கலட்டி."

"என்னது?"

"எனக்குக் காலு ரெண்டும் வெலவெலத்துப் போச்சு. அப்பா முன்னால பயமா இருக்குன்னு சொல்ல ரோசம். அந்நேரம் நீ வந்து பாவாடையப் பிடிச்ச. அப்பாடான்னு இருந்திச்சு."

"பின்ன எதுக்கு என்னைய அறைஞ்ச?"

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாவல்லா."

எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நாற்பத்தைந்து வருஷம்! எத்தனை ஜன்னல், எத்தனை மிட்டாய், எத்தனை ஃபேன் காற்று! "அம்மா சேலை!" என்று கத்தினேன்.

அவள் குனிந்து மடியைப் பார்த்தாள். மாம்பழ நிறம் முழங்கால் வரைக்கும் கறுத்திருந்தது. "கரிசக் கறை இனிப் போவாது. நீயே வச்சுக்க" என்றாள்.

அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தாள். ஜன்னலில் காற்று அடித்தது. பருத்திக் காடு போனது, சோலார் தகடு பதித்த காடு போனது, ஓர் ஆட்டு மந்தை போனது. அக்காவோடு போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து நான் இதையெல்லாம் பார்த்தது அன்றைக்குத்தான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் அவள், இனிமேல் கேட்பதற்கு ஒன்றும் இல்லாதவளாக, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. நான் எழுந்தேன். "நகரு" என்றேன்.

"என்னட்டி? இனி நீ எடம் தரணும்னு ஒண்ணும் இல்லல்லா?"

"தெரியும். நகரு."

அவள் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். கேட் திறந்து, பஸ் தண்டவாளத்தைத் தாண்டி, ஊர் போய்ச் சேரும்வரை என் முந்தானையின் ஒரு முனை அவள் கையில் இருந்தது. நான் பிரிக்கவில்லை.